பதினோரு விடைத்தாள்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்கு முட்டிவலி தேவலையா? சின்னவளுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள்.

கல்லூரியில் என் பக்கத்து அறைக்காரரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, மதிப்பெண்ணை அள்ளி வீசுகிறார் என்று நான் 'வள்ளல்' என்று பெயர் வைத்தவர். இந்தப் பருவமும் ஆசிரியர் மதிப்பீட்டுப் படிவத்தில் மாணவர்கள் அவருக்கு ஐந்துக்கு நாலே முக்கால் போட்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டரை. காப்பியடித்த மூன்று பேருக்குப் பூஜ்யம் போட்டவளுக்கு வேறென்ன கிடைக்கும்? துறைத்தலைவர் கூப்பிட்டு, "கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க மேடம், வேலை நீட்டிப்புக்கு இதையும்தான் பாக்குறாங்க" என்றார். வள்ளல் வாசலில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். என் வாசலில் துடைப்பம் சாத்தியிருக்கும். எனக்கு வயிறு எரிந்தது அக்கா. சின்ன வயதில் உன் கையெழுத்தைப் பார்த்தே எரிந்தவள்தானே நான்.

இங்கே ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவோம். சராசரிதான் முடிவு. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும். ஆனால் வள்ளலின் பிள்ளைகள் ஒவ்வொரு விடையின் கீழும் கட்டம் போட்டு மூன்று வரியில் சாரத்தை எழுதுவார்கள், அவர் பழக்கிய பழக்கம். எனக்கு வந்த விடைத்தாள் கட்டுக்குள் அப்படிப் பதினோரு தாள்கள். நன்றாகவே எழுதியிருந்தார்கள். அதுதான் தாங்கவில்லை. அவர் எப்படியும் பத்துக் கூட்டிப் போட்டிருப்பார், நான் பத்துக் குறைத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, பதினொன்றிலும் பத்துப் பத்தாகக் குறைத்தேன்.

போன வாரம் இருவர் போட்டதையும் சேர்த்துப் பட்டியல் வந்தது. அந்தப் பதினொன்றிலும் வித்தியாசம் ஒன்பது, பத்து, பதினொன்றுதான்; அவர் கூட்டியிருந்தால் இருபது வந்திருக்கும். அந்த மனிதர் ஒன்றுகூடக் கூட்டிப் போடவில்லை. தாளுக்கு உரியதைத்தான் போட்டிருக்கிறார்.

ஒரு பெண்ணுக்கு மேற்படிப்பு உதவித்தொகை இரண்டு மதிப்பெண்ணில் தவறிவிட்டது. நேற்று வள்ளல் அவள் தாளின் நகலோடு வந்து, "நான்தான் பாசத்துல தாராளமாப் போட்டுட்டேன் போல. எங்க தப்பு விட்டேன்னு கொஞ்சம் காட்டுங்க மேடம்" என்றார். பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அப்போதும் அவர் மேல் எரிச்சல்தான் வந்தது, இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே என்று.

இதனுடன் தேர்வு அதிகாரிக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். பதினோரு எண்களும் அதில் இருக்கின்றன, நான் செய்ததும் இருக்கிறது. உதவித்தொகைப் பட்டியலை மாதக் கடைசியில் முடித்துவிடுவார்கள். மூன்று முறை தபால் பெட்டி வரை போய்த் திரும்பிவிட்டேன். இது போய்ச் சேர்ந்தால் எனக்கு வேலை இருக்காது.

அக்கா, என்மேல் இரக்கப்பட்டு அதை அலமாரியில் வைத்துவிடாதே. நாளைக்கே நான் போன் செய்து வேண்டாமென்று அழுவேன். கேட்காதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அதைத் தபாலில் போட்டுவிடு.

உன் கையை நம்பி,
தங்கை