கணவாய் மை

ஏங்க,

பிரிட்ஜில் குழந்தையின் பாலுக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்த கணவாய் மீனின் மை அழுகிவிட்டது. டப்பாவைத் திறந்ததும் வாந்தியே எடுத்துவிட்டேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "எலி ஏதாவது செத்துக் கிடக்குதாம்மா?" என்று கேட்டார். மானமே போயிற்று.

"மரக்கட்டை அச்சுப் படத்துக்குக் கடை மை ஒத்து வராது. உனக்குக் கலை புரியாது" என்று நேற்று கத்தினீர்களே, கலை புரியாவிட்டால் என்ன, நாற்றம் புரியுமே! டப்பாவோடு குப்பையில் போட்டுவிட்டேன்.

குழந்தையோடு அக்கா வீட்டுக்குப் போகிறேன். பிரிட்ஜைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு கூப்பிடுங்கள். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

பி.கு.: அந்த மையில் அச்சடித்த படம் கொடியில் காய்கிறது. தலை துவட்டுகிற அந்தப் பெண் நான்தானே? கூந்தலில் அப்படியொரு ஈரக் கறுப்பு! மூக்கைப் பிடித்துக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தேன்.