சுவர்ப் படத்தில் எனக்கொரு வட்டம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் இருமல் நின்றதா? அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது. டாக்டர் சொன்னபடி, சுவரில் பெரிய தாள் ஒட்டி அவர் குடும்பத்தைப் படமாக வரைந்தேன். ஆளுக்கொரு வட்டம், வட்டங்களுக்கு நடுவே கோடு, கோட்டின் மேல் உறவு. அடுப்புக்கும் ஒரு வட்டம் உண்டு. அதன் கோட்டில் 'அணைச்சாச்சா?' என்று எழுதியிருக்கிறேன். விரலால் தடவித் தடவி, பேரன் யார், மருமகன் யார் என்று சொல்லிவிடுகிறார்.

நேற்று, "இதுல நீ எங்கடி?" என்றார். என்னை வரைய எனக்கே தோன்றவில்லை. அவரே பென்சிலால் வட்டம் போட்டு, தன் வட்டத்தோடு கோடிழுத்து, 'மகள்' என்று எழுதினார். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் அவருடைய மகள் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க, அம்மா குழம்பிடுவாங்க" என்று 'மகள்' என்பதை அழித்துவிட்டு, 'வேலைக்கு இருப்பவர்' என்று எழுதினார். நியாயம்தானே? நானும் சிரித்துவைத்தேன்.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். அவளையும் நம் வீட்டுப் படம் ஒன்று வரையச் சொல்லுங்கள். யார் யாரைப் போட வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

பெரியம்மா கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

பாப்பாவின் அம்மா