பாயின் உச்சியில் தைத்த மஞ்சள் துணி

சிங்காநல்லூர்,
புதன்கிழமை.

அன்புக் கண்ணு லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பா சௌக்கியம், தையல் கூடத்தில் என்னோடு தைக்கிற அம்புஜம் சௌக்கியம், ஆறு மெஷினும் ஓடுகின்றன. நீ சௌக்கியமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் பதினோரு நாளாக நீ சௌக்கியமாக இல்லை என்பதும் அதற்கு யார் காரணம் என்பதும் எனக்குத் தெரியும், அதனால் கேட்கக் கூசுகிறது. இன்று காலை எழுந்ததும், வாசல் தெளிப்பதற்கும் முன்னால், பீரோவைத் திறந்து கூறைப்புடவைக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒரு மஞ்சள் துணியை எடுத்தேன். அதைக் கட்டிலில் விரித்து, நீ போனில் அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று பதினோரு நாளாக நினைப்பதும், குளிக்கப் போவதும், சமைக்கப் போவதும், வேறு வேலை பார்ப்பதுமாக இருந்தவள்தான் நான். இன்று பார்த்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். வீடியோவில் பேசினால் அப்பா தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறார், உன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் பேச்சு திசைமாறிப் போகிறது. இன்று அவர் அத்தையைக் கூட்டிவர மேட்டுப்பாளையம் போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் எழுதி முடித்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன்.

மார்கழியில் நீ லீவில் வந்தபோது, துணிமணிக்குப் பதிலாக உங்கள் பாய்மரப் போட்டின் அந்தப் பெரிய பாயை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். அங்கே போர்ச்சுகலில் தைக்கக் கொடுத்தால் இரண்டு மாதம் ஆகும், நம் கூடத்தில் மழைக்கோட்டும் கார் உறையும் தைக்கிற கைகளுக்கு இந்த நைலான் ஒரு பொருட்டா என்றாய். எனக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. டெக்ஸ்டைல் படித்துவிட்டுக் கார் உறை தைக்கிறேனே என்று நான் உள்ளுக்குள் புழுங்கியது உனக்குத் தெரிந்துதான் சொன்னாயோ என்னவோ. கூடத்தில் விரிக்க இடம் போதாமல், மார்கழியில் முகூர்த்தம் இல்லாமல் சும்மா கிடந்த கல்யாண மண்டபத்தைக் கேட்டு வாங்கி, ஆரஞ்சும் நீலமுமாக அதை அங்கே விரித்தோம். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, ஏனுங்க அம்மணி, எந்தக் கட்சிக்குப் பந்தலுங்க, கொடியில இந்தக் கலரே காணமே என்று கேட்டார். அம்புஜம் முட்டி போட்டு ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இத்தனை துணியில எங்க தெருவுக்கே பாவாடை தெச்சுப்போடலாமுங்க அக்கா, பாப்பா என்னடான்னா இதக் கொண்டுபோயி காத்துல கட்டுது என்று சொன்னதும் நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். ஸ்பின்னேக்கர் என்கிற அந்தப் பாயின் பேர் அவள் வாயில் கடைசிவரை நுழையவில்லை, பலூன் பாய் என்றே சொல்லிவிட்டாள், நானும் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. மற்ற பாய்கள் எல்லாக் காற்றுக்கும், இது மட்டும் பின்னாலிருந்து அடிக்கிற காற்றுக்கு. இதற்கு மூன்று முனை, உச்சி முனை பாய்மரத்தின் தலைக்குப் போய்விடும், கீழ் முனை இரண்டும் கயிற்றில் நம் கையில். மண்டபத்துப் பெரிய ஃபேனைப் போட்டுவிட்டு, கீழ் முனை இரண்டையும் என் கையில் கொடுத்து நிற்கச் சொன்னாய். ஒரு மூலை கொஞ்சம் உப்பியதற்கே என்னை நாலு அடி இழுத்துக்கொண்டு போனது. அப்போது நீ சொன்னாய், அம்மா, காத்து முதுகுல இருந்தா அது கூடறதே தெரியாதும்மா, போட்டும் அதோடயே ஓடறதால மொகத்துல ஒண்ணும் படாது, சொகமா இருக்கும், அந்தச் சொகத்துலதான் மாட்டிக்குவோம், அதுனால எறக்கலாமான்னு மொத தடவ மனசுல பட்ட ஒடனே எறக்கிப்போடோணும், ரெண்டாந் தடவ யோசிக்கறதுக்குள்ள கைய மீறிப் போயிரும் என்று. இறக்குவதற்காகத்தான் அந்தப் பாய்க்குத் தலையணை உறை மாதிரி நீளமாக ஓர் உறை உண்டு என்றும், கயிற்றை இழுத்தால் உறை உச்சியிலிருந்து கீழே வந்து பாயை மூடிக்கொள்ளும் என்றும், அந்தக் கயிறு உச்சியில் உள்ள சின்னக் கப்பி வழியாக ஓடுகிறது என்றும் காட்டினாய். உச்சி முனையில் தையல் நைந்து போயிருந்ததால் அதைப் பிரித்து நாலு மடிப்பு வைத்து நானே தைத்தேன். காந்திபுரம் போய் நாலு கடை ஏறி இறங்கி அதற்கு நூல் வாங்கி வந்தேன்.

இனிமேல்தான் நீ அறியாதது. நீ அத்தையைப் பார்க்க மேட்டுப்பாளையம் போன அன்று காலை, மண்டபத்தில் நானும் அம்புஜமும் மட்டும் இருந்தோம். ஒரு மஞ்சள் துணியைக் கிழிக்காமல், ஓரம் பல் பல்லாக விழுமே அந்தக் கத்தரியால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை பீரோவுக்கென்று எடுத்து வைத்தேன். மறு பாதியில் காணிக்கைக் காசை முடிந்துவைப்பதுதான் முறை, காசு வைத்தால் பாய்க்குக் கனக்கும் என்று ஒரு விரலி மஞ்சளை வைத்துச் சுருட்டி, உச்சி முனையின் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். நாலு மடிப்புத் துணியில் சுண்டுவிரல் அளவு மேடு யாருக்குத் தெரியப் போகிறது. பெரிய ஊசி போட்டால் பாய்க்கு ஓட்டை விழும் என்று அந்த இடத்துக்கு மட்டும் சன்ன ஊசியும் சன்ன நூலும் போட்டேன். அப்போதும் நான் பாயைத்தான் பார்த்துப் பார்த்துத் தைத்தேனே தவிர, மஞ்சள் தண்ணீரில் ஊறினால் உப்பும் என்பதை யோசிக்கவில்லை. தினம் மஞ்சளைக் கையாளுகிற எனக்கு அது தெரியாதா, தெரியும், அந்த நேரத்தில் அது நினைப்பிலேயே இல்லை. ஜனவரி முழுக்க நீங்கள் சும்மா உலாப் போனபோதெல்லாம் அது நனைந்து உப்பி, காய்ந்து சுருங்கி, மறுபடி உப்பி, அந்தச் சன்ன நூல் தையலைப் பிரித்துவிட்டிருக்க வேண்டும். பதினோரு நாளுக்கு முன் நடந்த போட் பந்தயத்தன்று காற்று கூடியதும், நீ சொன்ன பாடப்படியே முதல் தடவை மனதில் பட்டவுடன் கயிற்றை இழுத்தாய். கயிறு வரவில்லை. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் உறை இறங்கவில்லை. போட் பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீரைக் குடித்தது. கயிற்றை விடுவிக்க முன்னால் ஓடிய உன் போட் கூட்டாளி முகமது ரியாஸின் கழுத்தெலும்பை, பாயை விரித்துப் பிடிக்கிற கழி வந்து அடித்தது. கடைசியில் பாயையே கடலில் விழவிட்டுக் கிழித்துக்கொண்டு இழுத்தீர்கள். அப்புறம் கப்பியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கசங்கிய மஞ்சள் துணி. அதைத்தான் நீ படம் எடுத்து எனக்கு அனுப்பினாய்.

துடைக்கிற துணி என்று உங்கள் போட்டுக்குக் கேப்டனாக இருக்கிற அந்த அம்மா சொன்னார்களாம். பாயை மடித்துப் பையில் வைத்தவள் நீ, கவனமில்லாமல் துடைப்புத் துணியையும் சேர்த்து மடித்துவிட்டாய் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அடுத்த மாதம் நடுக்கடலில் இருக்கிற அசோர்ஸ் தீவுக்குப் போகிற பயணத்தில் உனக்கு இடமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். நீ எதிர்த்துக்கூடப் பேசவில்லை. நான்தான் விட்டிருப்பேம்மா, வேற யாரு, எனக்கே ஞாபகம் இல்ல என்று என்னிடம் அழுதாய். கண்ணு, அது துடைப்புத் துணி கிடையாது. இன்று காலை படத்தில் எண்ணிப் பார்த்தேன், ஓரத்தில் பல் பல்லாக வெட்டு இருக்கிறது, என் கையில் இருக்கிற பாதியின் ஓரமும் அதே வெட்டு. ஒரு பல் என் கத்தரியில் முனை உடைந்தது, அது விழுகிற இடத்தில் துணி நேராக இருக்கும், இரண்டு பாதியிலும் அது இருக்கிறது. நீ மடித்தது சரி. நீ எதையும் மறக்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னவளாவேன். அன்று அம்புஜம் என்னைப் பார்த்து, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாம இருக்கோணும்னு வேண்டிக்கிட்டு வெக்கறீங்களாக்கா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். ஆனால் மாரியாத்தாளிடம் நான் மனதுக்குள் வேறு சொன்னேன். இந்தப் பாயோட போறவ, இந்தப் பாயே வேண்டாமுன்னு திரும்பி வரோணும் தாயி என்றுதான் சொன்னேன். பெருமையும் அந்த வேண்டுதலும் ஒரே வாரத்தில் ஒரே ஆளிடம் எப்படி இருந்தன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ சென்னையில் படிக்கும்போது துறைமுகத்துப் பாய்மரப் படகுக் கிளப்பில் போய்ச் சேர்ந்தாய், கடலே இல்லாத ஊரில் பிறந்தவள் கடலில் குடியிருக்கிறாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் நானே சொல்லிக்கொண்டேன், அவர்கள் போனதும் அடுப்படியில் நின்று எப்போது இது முடியும் என்று நாள் எண்ணினேன். போன வாரம் நீ போனில், எனக்கு அந்தப் பாயே வேண்டாம்மா, நா ஊருக்கே வந்தர்றேன் என்று சொன்னபோது, நான் சொன்ன வார்த்தை அப்படியே உன் வாயில் வருகிறதே என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். சந்தோஷத்தில் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை என்று அவர் உன்னிடம் சொன்னார். கண்ணு, அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. ஒரு நிமிஷம் இருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்பாவைத் தப்பாக நினைக்காதே, அவருக்கு எதுவும் தெரியாது. எம்புள்ள கைகால் முழுசா வந்தாப் போதும் சாந்தா என்று சொல்லிக்கொண்டு உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பிடித்தார். அடுத்த நாளே மேட்டுப்பாளையத்துக் கருப்பாத்தாள் அத்தைக்குப் போன் செய்தார். அத்தை விடுவாரா, பாக்குத் தரம் பிரிக்கிற மாதிரி மாப்பிள்ளைகளைப் பிரித்துவைத்திருக்கிறார். பெங்களூரில் வேலையில் இருக்கும் ரித்விக் என்கிற பையனின் வீட்டார் வருகிற வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு வருகிறார்கள், நீ இல்லாவிட்டாலும் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அத்தையே நாள் சொல்லிவிட்டார். உன் டிக்கெட் இருபத்தெட்டாம் தேதிக்கு. நீ வந்து இறங்கும்போது எல்லாம் பேசி முடிந்திருக்கும். நானும் பலகாரத்துக்கு என்ன செய்யலாம் என்று அவர்களோடு சேர்ந்து யோசித்தேன், எல்லாம் தெரிந்துகொண்டே. காற்று முதுகில் இருந்தது, சுகமாகத்தான் இருந்தது.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்த முதல் நிமிஷமே எனக்கு மனதில் பட்டது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ரியாஸ் முன்பெல்லாம் வீடியோவில் வந்து, ஆன்ட்டி, எங்க கோழிக்கோட்டுக் காத்துதான் பாலக்காடு வழியா உங்க ஊருக்கு வருது, வாடகை எங்கே என்று கேட்டுக் கிண்டல் செய்வார். போன ஞாயிற்றுக்கிழமை கட்டுப்போட்ட தோளோடு வந்து, வாடகை வேண்டாம் ஆன்ட்டி, லோகாவ மட்டும் திட்டாதீங்க என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் தனியாக எழுதுகிறேன். கேப்டன் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, துணியின் இரண்டு பாதியும் தெரிகிற படத்தையும் வைத்திருக்கிறேன். அவர்களுக்கு வேண்டுதல் என்றால் என்னவென்று புரியுமோ புரியாதோ, என் பெண் மடித்தது சரி என்ற வரியை முதல் வரியாக எழுதியிருக்கிறேன். இது எல்லாவற்றையும் நீ படித்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று காத்திருக்கிறேன். ஆனால் உன்னைக் கேட்டு அனுப்புவதாக நினைத்துக்கொள்ளாதே, நீ வேண்டாம் என்றாலும் இன்று மாலை அனுப்பிவிடுவேன். கிழிந்த பாயை இங்கே அனுப்பு. நீ சொல்லுகிற இடத்தில், நீ சொல்லுகிற ஊசியால், நீ கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கும்போது தைக்கிறேன்.

நீ ஊருக்கு வர வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கடல் அலுத்துப்போய் வந்தால் வா, எங்களைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தால் வா, உன் அறை சுண்ணாம்பு அடித்துத் தயாராக இருக்கிறது. செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு மட்டும் வராதே. என் மேல் கோபம் வந்தால் நாலு நாள் பேசாமல் இரு, அதற்கு மேல் தாங்கமாட்டேன். என் ஆயுசில் பாதியை எடுத்துக்கொண்டு நீ நல்லபடியாக இரு கண்ணு, போகிற திசையெல்லாம் உனக்கு வழிவிடட்டும். தலைக்கு எண்ணெய் வை, உப்புக் காற்றில் முடி நாராகிவிட்டது. போட்டில் முன்பக்கம் போகும்போது இடுப்புக் கொக்கியை மாட்டாமல் ஓர் அடிகூட வைக்காதே, பாயைக் கட்டுமுன் உச்சி முனையை ஒரு தடவை விரலால் தடவிப் பார், யார் தைத்ததாக இருந்தாலும்.

நீ நல்லபடியாக ஊர் வந்து சேர ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டேன் என்று மட்டும் அத்தையிடம் சொல்லியிருந்தேன்; வேண்டுதல் பலித்துவிட்டது, பாக்கி வைக்கக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை விடியக்காலம் பச்சரிசி ஊறவைத்து இடித்து, ஆத்தாளுக்கு மாவிளக்கு எடுத்துப்போட்டு வந்த பிறகுதான் ரித்விக் வீட்டாரை வரவேற்க வேண்டுமாம். அரிசி வாங்கி வந்து அடுப்படியில் தயாராக வைத்திருக்கிறேன். அப்பாவிடமும் சொல்லவில்லை, அம்புஜத்திடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நான் அரிசி ஊறவைக்கப் போவதில்லை.

உன் அம்மா,
சாந்தாமணி