தேன்மலை மன்னரின் ஆறாத புண்

ஏழு குன்றுக்கும் உரிய தேன்மலைக் காவலர் செங்கோட்டு ஆதனாரின் அமைச்சன் நக்கன் காரி, கழிமுகப் பட்டினத்து அரசியும் எம் மன்னரின் உடன்பிறந்த தங்கையுமாகிய இளங்கொற்றித் தேவியாரின் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் கலங்கள் குறைவின்றிச் சேர்க. தங்கள் குடிகள் நோயறியாது வாழ்க. நலம் வினவும் வரிகள் இன்னும் பல எழுதுவதே முறை. எழுத எனக்கு மனம் ஓடவில்லை. தங்கள் தமையனார் உயிருக்குப் போராடுகிறார்.

வலக்காற் பெருவிரலில் செருப்பு உரசி உண்டான புண் முதலில் மிளகளவே இருந்தது. மூன்று திங்களாகியும் ஆறவில்லை. இப்போது விரல் கறுத்து, கணுக்கால் வரை வீங்கி, காய்ச்சலும் விடாமல் காய்கிறது. எம் அரண்மனை வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

திடீரென வந்த கேடு என்று எழுதினால் பொய்யாகும். சென்ற ஆண்டே உடல் சொல்லியது. நாங்கள்தாம் செவி கொடுக்கவில்லை. அவை நடுவே மன்னர் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கச் சென்றார். அமைச்சனின் நீண்ட உரைக்கு அஞ்சி ஓடுகிறார் என்று அவையோர் நகைத்தனர், நானும் நகைத்தேன். குடம் குடமாக நீர் பருகியும் நா வறண்டது. மலையேறிய களைப்பு என்றோம். தோள் மெலிந்தது, இளமை திரும்பியது என்று பாடிப் புலவர் பரிசு பெற்றனர். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றார். எழுதியவன் கையைப் பழித்தோம். அரண்மனை ஆடை வெளுக்கும் சேந்தி ஒருத்தி மட்டும் என் வாயிலில் வந்து நின்று, மன்னரின் உடையில் எறும்பு மொய்க்கிறது என்றும், தன் கணவனுக்கும் நீரிழிவு இப்படியே தொடங்கியது என்றும், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுமாறும் வேண்டினாள். அரசர் துணியைப் பற்றிப் பேச அவளுக்கு என்ன துணிச்சல் என்று விரட்டினேன். என் வாயில் மண் விழ.

அதனினும் பெரிய பிழை ஒன்று செய்தேன். தேன்கொடைத் திருநாளில் எழுபது ஊரார் கொணரும் எழுபது குடத்திலும் மன்னர் ஒரு கரண்டி உண்ண வேண்டும் என்பதும், அவர் உண்ணாத குடத்தின் ஊர் ஒதுக்கப்பட்ட ஊராகும் என்பதும் இம்மலையில் பிறந்த தாங்கள் அறிந்ததே. இவ்வாண்டு பத்தாம் குடத்திலேயே மன்னர் போதும் என்று கை காட்டினார். மற்ற ஊரார் முகம் கோணுவரே என்று அஞ்சி, நானே கரண்டியை எடுத்து, மீதி அறுபதும் ஊட்டினேன். அன்று மாலையே மயங்கி விழுந்தார்.

இந்நோயை அறிந்து, உணவை முறைப்படுத்தி, புண்ணை அறுத்து ஆற்றவும் வல்லவர் தங்கள் நாட்டு மருத்துவர் கண்ணந்தையார் ஒருவரே என்கின்றனர். பாதத்தையே எடுக்க நேர்ந்தாலும் எடுக்கட்டும். உயிர் மிஞ்சினால் போதும். தேன்கொடையை நிறுத்திவிட்டேன். எழுபது ஊரும் என்னை வைதால் வையட்டும்.

இவ்வளவும் எழுதி முடித்தபின், தாங்கள் சென்ற திங்கள் விடுத்த ஓலையை மீண்டும் படிக்கும்படி மன்னர் கேட்டார். எவ்வளவு பருகியும் தாகம் தணியவில்லை என்றும், வளை முழங்கை வரை நெகிழ்கிறது, தோழியர் அதை அழகென்கின்றனர் என்றும் மகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். மன்னருக்கும் இப்படியே தொடங்கியது என்று உணர்ந்து அவ்வரியை மீண்டும் ஒருமுறை படித்தேன். தந்தையாரும் தாகம் தாகம் என்றே மாய்ந்தார் என மன்னர் நினைவுகூர்ந்து, தங்கையைப் பார்த்த பிறகே மருத்துவர் மலையேற வேண்டும் என்று பணித்தார். அதற்குள் காலம் கடந்துவிடும் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் இசையவில்லை.

ஆகவே, அரசியாரே, அமைச்சன் தங்களுக்கு ஆணையிடல் முறையன்று. இது தமையனாரின் ஆணை. ஓலை கண்ட அன்றே மருத்துவரை அழைத்து, தாகம், மெலிவு, நீர்க்கழிவு, பார்வை எதையும் ஒளியாமல் கூறித் தங்களைக் காட்டுக. அதன்பின் ஒரு நாழிகையும் நிறுத்தாமல் அவரை எம்மிடம் அனுப்புக. நான்கு நாள் வழி நெடுகிலும் மாற்றுக் குதிரைகள் ஆயத்தமாக நிற்கின்றன.

முத்திரை சாய்ந்திருப்பது கண்டு ஐயுற வேண்டா. எவர் கையும் தொடக்கூடாது என்று விலக்கி, மன்னர் தாமே இட்டது.