சக்களத்தியின் பெல்ட்

மார்ச் 3, செவ்வாய்

பள்ளிச் சீருடை பதினெட்டு முடிந்தது. இரண்டு காலரைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

இவர் காரை விலைக்குக் கேட்டிருந்த கண் டாக்டர் போன் செய்தார். காரை எடுத்துக்கொள்கிறாராம். ஆனால் அதற்குமுன் டைமிங் பெல்ட்டை நாங்கள் மாற்றித் தர வேண்டுமாம். "பெல்ட்டுக்கு வயசாயிடுச்சும்மா. ஓடும்போது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போயிடும்." சரி என்றேன். இவர் அடுத்த அறையில் படுத்திருந்ததால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன்.

மாதக் கடைசியில் மகள் வீட்டுப் பக்கம் குடிபோகிறோம். தரைத்தளம், படி கிடையாது. ஷெட்டும் கிடையாது. இவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம். வலது கை எழவில்லை, வாயில் சொல் வருவதில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. அந்த ஜெர்மன் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்பது நியாயம்தான். இவரிடம் சொல்லாமல் விற்பதுதான் நியாயமில்லை.

மார்ச் 4, புதன்

மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறந்தார், மூடினார். "இதுல பெல்ட்டத் தொடணும்னா வண்டியோட மூஞ்சியையே கழட்டணும்மா. தனி டூல்ஸ் வேணும். நான் கை வைக்க மாட்டேன், மன்னிச்சுக்கங்க."

அவர் போனபின் ஷெட்டுக்குள் நின்றேன். அலமாரி மேல்தட்டில் பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே புது பெல்ட், உருளைகள், தண்ணீர் பம்ப். பக்கத்தில் அதற்கான கருவிகள், எண்ணெய் துடைத்து, துணியில் சுற்றி.

பெட்டியைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. இரண்டு வருஷம் முன்பு ஒரு ஞாயிறு. என் தையல் அறை வாசலில் வந்து நின்றார். "ஒரு பத்து நிமிஷம் வந்து புடிச்சுக்கோயேன். ஒரு போல்ட்டு, ஒருத்தர் புடிக்கணும், ஒருத்தர் திருகணும்." நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. உங்க மூத்த தாரத்த நீங்களே பாத்துக்கங்க." சிரித்துக்கொண்டுதான் போனார். பெட்டி மேல்தட்டுக்குப் போய்விட்டது.

என்ன பேச்சு பேசியிருக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

இவரிடம் கேட்டேன். "என் சக்களத்திக்கு பெல்ட் மாத்திடலாமா? நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்."

முகம் மலர்ந்ததே, அப்பப்பா. ஐந்து மாதமாகப் பார்க்காத முகம். எதற்கு என்று கண்ணாலேயே கேட்டார். "ஓடுற நிலைமையில இருக்கட்டுமே" என்றேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

மகளிடம் போனில் சொன்னேன். "அம்மா, உனக்கு மண்டை கழண்டுடுச்சா?" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

மூங்கில் நாற்காலியை ஷெட்டில் போட்டு இவரை உட்கார வைத்தேன். மடியில் படம் போட்ட கையேடு. இடது கை விரலால் காட்டுகிறார், கைத்தடியால் தட்டுகிறார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. இன்றைக்கு இரண்டுதான் அதிகம்.

முன்பக்க பம்பர் கழன்று வந்தது, விளக்குகள் வந்தன. கழற்றிய ஒவ்வொரு திருகையும் பட்டன் டப்பாக்களில் போட்டுச் சீட்டு ஒட்டினேன். அதைப் பார்த்துத் தலையாட்டினார். புகழ்ச்சி.

மார்ச் 11, புதன்

அந்த போல்ட்டு. இரண்டு வருஷம் காத்திருந்த போல்ட்டு. இவர் இடது கையால் பிடியை அழுத்திக்கொண்டார். நீளக் கம்பியில் நான் என் கனத்தையெல்லாம் போட்டுத் தொங்கினேன். டக்கென்று விட்டது. நான் கீழே விழுந்தேன். இவர் சிரித்தார். சத்தத்தோடு.

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மார்ச் 14, சனி

புத்தி கெட்டவள் நான்.

பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் அது ஓடும் பல்சக்கரங்கள் எந்த நிலையில் நிற்கின்றன என்று அடையாளம் வைக்க வேண்டும். நான் என் தையல் சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டேன். இவர் தட்டினார். இரண்டு, மறுபடி இரண்டு. "இருங்க, கோடு போடுறத எனக்குச் சொல்லித் தராதீங்க" என்றேன். முப்பது வருஷமாகத் துணியில் கோடு போடுகிறவளாம்!

தண்ணீர் பம்பைக் கழற்றியதும் மிச்சமிருந்த தண்ணீர் குபுக்கென்று கொட்டியது. சாக்பீஸ் கோடு போன இடம் தெரியவில்லை. சக்கரங்களும் நான் கை வைத்ததில் கொஞ்சம் அசைந்துவிட்டன.

இவர் இரண்டு தட்டு தட்டியபோது ஏன் நிற்கவில்லை? வாய் பேச முடியாதவர் பேச்சையும் கேட்கவில்லையே நான். பேச முடிந்தபோது மட்டும் கேட்டேனா?

மார்ச் 15, ஞாயிறு

இவர் கோபிக்கவில்லை. டார்ச்சை இடது கையில் வாங்கி, சக்கரத்தின் விளிம்பில் ஓர் இடத்தில் ஒளியை நிறுத்தினார். அங்கே நகக்கண் அளவு ஒரு கீறல். கம்பெனியே போட்டது. அதற்கு நேராக இன்ஜின் உடம்பில் இன்னொன்று. ஒவ்வொரு சக்கரத்துக்கும் உண்டு. நேற்று இதைத்தான் காட்டப் பார்த்திருக்கிறார்.

என் மிஷினில் ஊசி இறங்கும் நேரத்துக்குக் கொக்கி வராவிட்டால் தையல் விழாது. இதுவும் அதே கதைதான். இது தவறினால் நூல் அறுவதோடு நிற்காது, அவ்வளவே.

மார்ச் 17, செவ்வாய்

புது பம்ப், புது உருளைகள், புது பெல்ட். மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு இன்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். கீறல்கள் எல்லாம் மறுபடி நேருக்கு நேர் வர வேண்டும்.

சுற்றினேன். வரவில்லை. ஒரு பல் தள்ளி நின்றது.

இடுப்பு விட்டுப்போயிருந்தது. "ஒரு பல்லுதானேங்க. ஓடாதா?"

இவர் தடியைத் தட்டவில்லை. வாய் கோணிக்கொண்டு வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு தெளிவாக, வீட்டுக்கே கேட்கும்படி —

"பிரி."

அது என் சொல். தையல் பழக வரும் பெண்கள் கோணலாகத் தைத்துவிட்டுப் "பரவால்லையாக்கா?" என்று இழுத்தால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நான் சொல்வது. பிரி. சுவருக்கு அந்தப் பக்கம் இவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், இத்தனை வருஷமாக. இவர் என் அறைக்குக் காது கொடுத்தார். நான் இந்த ஷெட்டை எட்டிப் பார்க்கவில்லை.

பிரித்தேன்.

மார்ச் 18, புதன்

இரண்டு சுற்று. எல்லாக் கீறலும் நேர். நம்பாமல் இன்னும் இரண்டு சுற்றினேன். நேர்.

மார்ச் 22, ஞாயிறு

மூஞ்சியை மாட்டியாகிவிட்டது. டப்பாவில் ஒரு திருகு மிஞ்சியது. இவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

மார்ச் 28, சனி

ஷெட் கதவை முழுக்கத் திறந்து வைத்தேன். இவரை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினேன். நான் பக்கத்தில். இடது கையைக் குறுக்கே நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

பிடித்துக்கொண்டது. என் அடிவயிறுவரை அதிர்ந்தது. இந்தச் சத்தத்தை எத்தனை தடவை ஜன்னலைச் சாத்தித் திட்டியிருக்கிறேன். இன்றைக்கு ஒழுங்காகத் தைக்கும் மிஷின் மாதிரி, ஒரு தையல் பிசகாமல் ஓடியது. இவருக்கு ஓட்ட முடியாது, எனக்குத் தெரியாது. எங்கும் போகாமல் உட்கார்ந்திருந்தோம்.

அதற்கு மேல் தாங்கவில்லை. "நாளைக்கு கண் டாக்டர் வர்றார். வண்டியக் குடுக்கறதாச் சொல்லிட்டேங்க. உங்களக் கேக்காமலே சொல்லிட்டேன்."

"தெ… ரியும்."

"எப்போலேருந்து?"

காதைத் தொட்டுக் காட்டினார். முதல் நாள் போனே கேட்டுவிட்டதாம்.

"அப்புறம் ஏங்க இவ்வளவு பாடுபட்டீங்க? வேணாம்னு ரெண்டு தட்டு தட்டியிருக்கலாமே!"

ரொம்ப நேரம் சொல்லைத் தேடினார். ஸ்டியரிங்கை விட்டு என் கையைப் பிடித்தார். என் நகமெல்லாம் கறுப்பு.

"நீ… வந்தே."

அழுதேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் தெருவுக்குக் கேட்டிருக்காது. டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். இரண்டு முறை ஸ்டியரிங்கைத் தட்டினார்.

மார்ச் 29, ஞாயிறு

டாக்டர் சத்தத்தை வைத்தே மயங்கிவிட்டார். "எந்த கராஜ்ல மாத்துனீங்க?" இவர் கைத்தடியைத் தூக்கி என்னைக் காட்டினார். டாக்டர் நம்பவில்லை.

வண்டி தெருமுனை திரும்பும்வரை சத்தம் கேட்டது. பிறகு இல்லை. இருபத்திரண்டு வருஷம் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும். அதைத் தேய்க்க மனம் வரவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

புது வீடு. தையல் மிஷின் பெல்ட் தளர்ந்துவிட்டது. சாமான் வண்டியில் ஏற்றியபோது இடித்திருப்பார்கள். இதை எத்தனையோ தடவை தனியாகவே மாற்றியிருக்கிறேன். தனியாகவே மாற்றக்கூடிய பெல்ட்தான்.

வாசலில் நின்று கூப்பிட்டேன். "என்னங்க, ஒரு பத்து நிமிஷம் வந்து புடிச்சுக்கங்களேன்."

உள்ளே தடி ஒரு முறை தட்டியது. மெல்ல நடந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். வந்து சேரவே பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.