படப்பைக்குப் போகாத வண்டி

கிழக்குத் தாம்பரம்,
ஜூன் 18.

அன்புள்ள ஹேமநாத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், வெயில்தான் இன்னும் இறங்கவில்லை. அங்கே ஆக்லாந்தில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் சரிதாவும் காதை மூடிக்கொண்டு, காலைப் பலகாரத்தை விடாமல் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். தினமும்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. தவிர இந்த உறைக்குள் நீ கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் இருக்கிறது. அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன், இப்போதே புரட்டிப் பார்க்காதே.

விஷயம் உன் பைக்தான். விலை பேசிவிட்டேன், படப்பை தயாளன் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வார், சாவியைக் கொடுத்துவிடுங்கள் அப்பா என்று சொன்னாய், நானும் சரி சரி என்றேன். நீ ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனாயே ஞாபகம் இருக்கிறதா, பேட்டரி செத்துவிடும், வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வையுங்கள் என்று. வெள்ளிக்கிழமை தவறாமல் செய்தாள். முதல் மாதம் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணி அணைத்தாள், அடுத்த மாதம் கேட் வரைக்கும் போனாள், அப்புறம் தெருக்கோடி, அப்புறம் எனக்கே தெரியாமல் ஏரிக்கரை ரோடு வரைக்கும். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் மொபெட் ஓட்டினவள்தானே, அவளுக்குக் கியர் மட்டும்தான் புதுசு. போன தை மாதம் கால் தரையில் படாமல் எட்டு போட்டுக் காட்டி, ஐம்பத்து மூன்று வயதில் லைசன்ஸ் வாங்கிவிட்டாள், அவளுக்கு முன்னால் மூன்று பையன்கள் கால் ஊன்றி வெளியே போனார்கள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் வாயைக் கட்டிவிட்டாள், தெரிந்தால் நீ பயந்துகொண்டு வண்டியை விற்கச் சொல்லிவிடுவாய் என்று. நீ தெரியாமலேயே விற்கச் சொன்னாய். அவன் வண்டி, அவன் இஷ்டம் என்று ஒரே வார்த்தை சொன்னாள், அதோடு சரி. அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை, நான் கேட்கவும் இல்லை.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மீன்பிடித் தடைக்காலம் முடிந்த மறுநாள், கூவத்தூர் பக்கத்தில் சம்பத் மாமா புதுப் படகு இறக்குவதாக இருந்தது உனக்குத் தெரியும். அவர்கள் குடும்பத்தில், வீட்டில் பிறந்த மூத்த பெண் கையால் சூடம் காட்டித்தான் படகு தண்ணீரில் இறங்கும், போன இரண்டு படகுக்கும் அம்மாதான் காட்டினாள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்கிறது, அதற்குள் முடித்தாக வேண்டும். ஏழரைக்கு வர வேண்டிய வாடகைக் கார் வரவில்லை, இன்னொன்று போட்டால் அதுவும் எட்டு மணிக்குக் கேன்சல். சம்பத் போன் பண்ணி, அக்கா, மாமாவுக்கு வேற முட்டி வலி, நீ பேஜார் பட்டுகினு வராத, நம்ம துர்கா இங்கதான கீது, அது கையால காட்டிக்கிறோம் என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான், ஆனால் அம்மா முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். மீன்கூடை தூக்கினவளைக் கொண்டுவந்துவிட்டான் என்று நம் வீட்டில் எத்தனை வருஷம் பேசினார்கள். அத்தனையையும் அவள் தாங்கினது அந்தக் கரையில் தன் இடம் தனக்கு இருக்கிறது என்கிற தைரியத்தில்தான். அந்த இடம் அன்றைக்குக் கைமாற இருந்தது, தங்கையிடமே என்றாலும் கைமாறினது கைமாறினதுதான். பஸ்ஸைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், முப்பத்தொரு வருஷம் கண்டக்டர், விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், மாறி மாறிப் போய்ச் சேர மத்தியானம் ஒரு மணி ஆகிவிடும். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம். புடவைக்கு மேல் உன் பழைய ஜெர்கின், தலையில் ஹெல்மெட், இன்னா கண்டக்டரே, ஏர்றியா இல்லியா என்றாள்.

ஏறினேன். வேறு என்ன செய்வது, எனக்குத்தான் சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாதே. முதுகில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போ, நம் விசில் மாதிரி என்று பேசிக்கொண்டோம். அங்கேதான் வந்தது வினை. வண்டலூர் தாண்டிக் கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பினதும் பழைய ஸ்டாப்பிங் ஒவ்வொன்றாக வருகிறது, கை தானாக ஒரு தட்டு தட்டிவிடுகிறது, அவளும் பின்னால் ஏதோ ஆபத்து என்று ஓரங்கட்டி நிறுத்துகிறாள். கண்டிகையில் நிறுத்தினாள், மாம்பாக்கத்தில் நிறுத்தினாள், கேளம்பாக்கம் வருவதற்குள் நாலு தடவை. நாலாவது தடவை திரும்பி, இங்க யாரு எறங்கறா, யாரு ஏர்றா, கையக் கட்டிகினு குந்து என்று போட்ட போடில், டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் மணி ஒன்பதே முக்கால்.

கோவளம் தாண்டினதும் இடது பக்கம் கடல் வந்தது. இதைக் கேட்டால் சிரிப்பாய், அந்த ரோட்டில் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன், கடலை நான் பார்த்ததே இல்லை. கண்டக்டர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பான், அவன் கண்ணெல்லாம் டிக்கெட்டிலும் சில்லறையிலும் படிக்கட்டிலும் இருக்கும். அன்றைக்குத்தான் பார்த்தேன். சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் எல்லாம் நீலமாக ஒரு துண்டு, மறுபடி தோப்பு, மறுபடி ஒரு துண்டு, வலது பக்கம் உப்பங்கழியில் வெள்ளைக் கொக்குகள், காற்றில் அம்மாவின் முந்தானை என் மூஞ்சியில் அடிக்கிறது. அறுபத்திரண்டு வயசில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

வடநெம்மேலி தாண்டி, தட்டாமலேயே நிறுத்தினாள். பஞ்சர் என்று நினைத்தேன். எறங்கு என்றாள். இறங்கினேன். இந்த எடந்தான், ஞாபகம் கீதா என்றாள். இனி எழுதுவது உனக்குத் தெரியாத பாதி. அம்மாவைக் கல்பாக்கம் பஸ்ஸில் பார்த்தேன், பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டேன் என்றுதானே உன்னிடம் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் நடந்ததைச் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், மீன்கூடை நாறுகிறது என்று இரண்டு பேர் சத்தம் போட்டார்கள், நான் விசில் அடித்து, இருபது வயசுப் பெண்ணை, லக்கேஜுக்குக் காசு கொடுத்திருந்தும், நடு ரோட்டில் கூடையோடு இறக்கிவிட்டேன். அன்றைக்கு அடித்த வெயிலில் மீன் முழுக்க வீணாகிவிட்டது. மறுநாளும் அதே கூடையோடு அதே பஸ்ஸில் ஏறி, என் எதிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, இப்ப எறக்கு பாக்கலாம் என்றாள். அப்போதுதான் பிடித்துப்போனது. ஆனால் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இந்த முப்பத்து மூன்று வருஷத்தில் நான் கேட்டதில்லை, அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இப்போது என்னை அங்கே நிற்க வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயேவிட்டாள். வளைவு தாண்டி மறைந்துவிட்டாள். சுள்ளென்று வெயில், பஸ் இல்லை, நிழல் இல்லை. ஐந்து நிமிடம்கூட இருக்காது, ஆனால் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் எப்படி நின்றிருப்பாள் என்று எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. திரும்பி வந்து பக்கத்தில் நிறுத்தினாள். தப்புதான் ரேணு, பெரிய தப்பு என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சரி ஏறு, நேரமாவுது என்றாள்.

அதற்கப்புறம் ஓட்டினாள் பார், அதுதான் ஓட்டம். வேகம் இல்லை, பயமும் இல்லை. மாமல்லபுரம் பைபாஸ், கல்பாக்கம், எதற்கும் நிற்கவில்லை. பாலாற்றுப் பாலத்தில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளுகிறது, அம்மா தோளைக் கொஞ்சம் சாய்த்து, நடுப்பாலத்தில் ஒரு லாரிக்கு வழிவிட்டு, நிதானமாகக் கடந்தாள். கடற்கரை மணலில் வண்டி போய் நிற்கும்போது பதினொன்றே முக்கால். தட்டு துர்கா கைக்குப் போய்விட்டது, சூடம் வைத்துவிட்டார்கள், தீப்பெட்டியும் எடுத்துவிட்டார்கள். துர்கா வண்டியைப் பார்த்ததுதான் தாமதம், எங்கக்கா வந்துட்டா என்று தட்டோடு மணலில் ஓடி வந்தாள். சம்பத் என்னிடம் வந்து, மாமா, நீயா ஓட்டிகினு வந்த என்றான். நான் கண்டக்டர்டா, டிரைவர் அதோ என்றேன். கரையில் இருந்த பெண்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். காற்றில் சூடம் பிடிக்கவில்லை, மூன்று குச்சி வீணாயிற்று, அம்மா ஹெல்மெட்டைக் கழற்றி அதைக் காற்றுக்கு மறைவாகப் பிடித்துச் சூடத்தை ஏற்றினாள். படகு பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தண்ணீரில் இறங்கியது. முதல் அலையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு அது போனபோது அம்மா அழுதாள், நானும்தான். மிச்சம் இருந்த மாலையைச் சம்பத் உன் பைக்குக்குப் போட்டு, குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை சொன்னபடி தயாளன் வந்தார். மாலையும் பொட்டுமாக வண்டி நின்றதைப் பார்த்து, என்ன சார், புது வண்டி மாதிரி பூஜை போட்டிருக்கீங்க என்றார். அம்மா உள்ளேயே இருந்தாள், வெளியே வரவில்லை. நான்தான் சொன்னேன், வண்டி விற்பதற்கு இல்லை சார், வீட்டம்மா ஓட்டுறாங்க என்று. காபி கொடுத்து அனுப்பினோம். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபம் இருந்தால் என்மேல் காட்டு, அம்மாவிடம் காட்டாதே.

காகிதத்துக்கு வருகிறேன். பெயர் மாற்றும் படிவம். நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். புது உரிமையாளர் என்கிற இடத்தில் அம்மா தன் கையால் வெ. ரேணுகாம்பாள் என்று எழுத ஆரம்பித்து, அது அவள் அப்பா பெயர் எழுத்து என்று ஞாபகம் வந்து, அடிக்கலாமா என்று என்னைக் கேட்டாள். இருக்கட்டும், ஆதாரில் இருப்பதும் அதுதானே என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள், சரிதாவோடு சண்டை போடாதே, ஊரில் எல்லா அம்மன்களும் உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும். இந்த வாரமே கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஆடியில் புதுச்சேரி வரைக்கும் போவதாக டிரைவர் உத்தரவு, வண்டி அவள் பெயரில் இருந்தால்தான் கிளப்புவாளாம். நான் ரைட் சொல்லிவிட்டேன், இனி நீ சொல்ல வேண்டியதுதான்.

இப்படிக்கு,
பின்சீட்டிலிருந்து உன் அப்பா,
வடிவேலு