வயலின் வரிசையில் உன் நாற்காலி

அன்புள்ளவளுக்கு,

இதில் எழுதப்போவது:
1. நம் ஆர்கெஸ்ட்ராவின் நிலை.
2. பள்ளிப் பிள்ளைகளுக்கான கச்சேரி.
3. நீ எழுதியபடி உன் நாற்காலியைப் புதியவருக்குக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலாவது. ஒரு பல் மருத்துவரும் சில சோள விவசாயிகளும் பள்ளிக் கூடைப்பந்து அரங்கில் தொடங்கிய குழு இன்னும் அங்கேதான் வாசிக்கிறது. நீ டூசானுக்கு உன் அக்காவிடம் போனபின், இரண்டாம் வயலின் வரிசையில் நான் ஒருவன்தான்.

இரண்டாவது. நேற்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். இசைக்குறிப்பில் ஒரு பக்கம் முடிந்ததும், வழக்கம்போல் வாசிப்பதை நிறுத்தித் தாளைத் திருப்பினேன். நான் திருப்பும்போது நீ வாசித்துக்கொண்டிருப்பாய். நேற்று அந்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

முன்வரிசையில் ஒரு சிறுமி உரக்கக் கேட்டாள்: "தாத்தா, ஏன் நிறுத்திட்டீங்க? மறந்துபோச்சா?"

டிரம்போன் ஊதும் வெர்னன் சும்மா இருப்பானா? "வீட்டம்மா இல்லாம அவருக்குப் பாதிப் பாட்டுதான் வரும், பாப்பா!"

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

முடிந்ததும் குழுவை நடத்தும் மார்லீன் வந்தாள். "அவங்க இனி வரமாட்டாங்கன்னா சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை புதுசா வந்திருக்கற அந்த நர்ஸை உங்க பக்கத்துல உட்கார வச்சிடறேன். பாவம், எத்தனை நாள் தனியா வாசிப்பீங்க?"

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டேன்.

நர்ஸ் நன்றாக வாசிக்கிறார். உன்னைப்போல் காலால் தாளம் தட்டுவதில்லை.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. எனக்கு ஆட்சேபணை இருக்கிறது.

இப்படிக்கு,
உனக்காகத் தாள் திருப்புகிறவன்